நிகழ்காலம் ஒன்று, ஆங்கிலத்தில் வடிவம் நான்கு: எதை எங்கே போடுவது?

வேலைக்கான நேர்முகத்தேர்வு ஒன்றுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுத்தார். 'வாட் டூ யூ டூ?' என்றார். 'ஐ ஆம் வெயிட்டிங்' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, 'நோ நோ, வாட் டூ யூ டூ?' என்று கடைசி 'டூ'வை அழுத்திக் கேட்டார். காது மந்தம் போல என்று நினைத்து நானும் குரலை உயர்த்தி, 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் தி இன்டர்வியூ' என்றேன்.

அவர் கேட்டது என் தொழிலை. 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வாட் ஆர் யூ டூயிங்?' என்று வேறு கேள்வி இருக்கிறது. தமிழில் இரண்டுக்குமே 'என்ன செய்கிறீர்கள்?' போதும். கேட்பவர் முகத்தையும் இடத்தையும் பார்த்து நாமே அர்த்தம் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலமோ அந்தப் பிரிவினையை வினைச்சொல்லிலேயே ஏற்றிவிடுகிறது. நிகழ்கால டென்ஸில் நமக்கு வரும் தகராறெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது என் பிழைப்பே மற்றவர்கள் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது. அதில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழைகளை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசியுங்கள். டென்ஸ் பிழையைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடிக்கும்.

முதல் படி: விகுதியை விடுங்கள், பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

நான்கு வடிவங்களையும் ஒரே வினையில் பார்த்துவிடுவோம். 'ஐ ரைட்' என்பது சிம்பிள் பிரசன்ட். 'ஐ ஆம் ரைட்டிங்' பிரசன்ட் கன்டினியூயஸ். 'ஐ ஹேவ் ரிட்டன்' பிரசன்ட் பர்ஃபெக்ட். 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங்' பிரசன்ட் பர்ஃபெக்ட் கன்டினியூயஸ்.

பள்ளியில் இதற்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள்: எழுதுகிறேன் என்றால் முதலாவது, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் இரண்டாவது, எழுதியிருக்கிறேன் என்றால் மூன்றாவது. தேர்வு எழுத உதவும். பேசும்போது கவிழ்த்துவிடும். ஏன் என்று பாருங்கள்.

'நான் தினமும் எழுதுகிறேன்' என்பது 'ஐ ரைட் எவ்ரி டே'. 'கொஞ்சம் இரு, எழுதுகிறேன்' என்பது 'ஐ ஆம் ரைட்டிங்'. 'காலையிலிருந்து எழுதுகிறேன்' என்பது 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் சின்ஸ் திஸ் மார்னிங்'. 'நாளைக்கு எழுதுகிறேன்' என்று சொன்னால் அது 'ஐ வில் ரைட் டுமாரோ'.

தமிழில் ஒரே 'எழுதுகிறேன்'. ஆங்கிலத்தில் நான்கு வடிவம். ஆக, 'கிறேன்' என்ற விகுதி உங்களுக்கு வழி காட்டாது. வழி காட்டுவது பக்கத்தில் நிற்கும் சொல்: தினமும், இரு, காலையிலிருந்து, நாளைக்கு. அப்படி ஒரு சொல் வாக்கியத்தில் இல்லை என்றால், மனசுக்குள் எந்தச் சொல்லை நினைத்துப் பேசுகிறீர்கள் என்று ஒரு நொடி யோசியுங்கள். அந்தச் சொல் கிடைத்துவிட்டால் டென்ஸ் கிடைத்துவிட்டது. இனி வரும் படிகள் எல்லாம் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

இரண்டாம் படி: 'வழக்கமாக' பொருந்துகிறதா?

வாக்கியத்தில் 'வழக்கமாக' அல்லது 'எப்போதுமே' என்ற சொல்லைச் சொருகிப் பாருங்கள். உறுத்தாமல் உட்கார்ந்தால் சிம்பிள் பிரசன்ட். 'அவள் (வழக்கமாக) நடந்துதான் போகிறாள்': 'ஷி வாக்ஸ் டு ஒர்க்'. 'பூமி (எப்போதுமே) சூரியனைச் சுற்றுகிறது': 'தி எர்த் கோஸ் அரவுண்ட் தி சன்'.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. நாம் வழக்கத்தையும் இயல்பையும் சொல்லப் பெரும்பாலும் எதிர்கால உருவத்தைத்தான் எடுக்கிறோம். 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்', 'அவர் தினமும் ஆறு மணிக்கு எழுந்துவிடுவார்', 'சின்ன வேலை என்றாலும் அவரே செய்வார்'. இதை அப்படியே பெயர்த்து 'ஹி வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி' என்று எழுதுகிறார்கள். கேட்கிறவருக்கு அவர் இனிமேல்தான் அப்படி எழப்போகிறார் என்று படும். 'ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே' என்பதே சரி. தண்ணீருக்கும் 'வாட்டர் பாயில்ஸ்'தான், 'வில் பாயில்' தேவையில்லை.

தமிழின் இந்தப் பழக்கம் ரொம்பப் பழையது. முக்காலத்திலும் மாறாத இயல்பைச் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியமே பேசுகிறது. உரைகாரர்கள் அதற்கு 'மலை நிற்கும்' என்று எடுத்துக்காட்டு தருவார்கள். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அந்த 'நிற்கும்' இருக்கிறதே, அதுதான் சிம்பிள் பிரசன்ட். என்னைக் கேட்டால், பள்ளி அட்டவணையில் சிம்பிள் பிரசன்ட்டுக்கு நேராக 'நிற்கிறது' என்று போடுவதைவிட 'நிற்கும்' என்று போட்டிருந்தால் பாதிப் பிழை குறைந்திருக்கும்.

இதே வடிவத்துக்குச் சில சில்லறை வேலைகளும் உண்டு. சொல்வதே செயலாகிவிடும் இடங்கள்: 'ஐ அக்ரீ', 'ஐ ப்ராமிஸ்', 'ஐ அப்பாலஜைஸ்'. இங்கெல்லாம் 'ஐ ஆம் அக்ரீயிங்' என்று நீட்ட வேண்டாம், வாயைத் திறந்து சொன்னவுடனே ஒப்புதல் முடிந்துவிட்டது. ஆட்ட வர்ணனையில் ஒரே நொடியில் முடியும் செயல்கள், பத்திரிகைத் தலைப்புகள், கதைச் சுருக்கம் ஆகியவற்றிலும் சிம்பிள்தான் வரும்.

மூன்றாம் படி: 'இப்போது', 'இப்போதைக்கு'

'வழக்கமாக' பொருந்தவில்லையா? அடுத்து இந்த இரண்டு சொல்லையும் வைத்துப் பாருங்கள். இரண்டில் எது பொருந்தினாலும் பிரசன்ட் கன்டினியூயஸ்.

'இப்போது' சுலபம். கண்முன்னே நடப்பது: 'இட் இஸ் ரெய்னிங்', 'ஷி இஸ் டாக்கிங் ஆன் தி ஃபோன்'. இதில் யாரும் அதிகம் தவறுவதில்லை.

தவறுவது 'இப்போதைக்கு' என்ற இடத்தில். 'ஐ ஒர்க் இன் எ பேங்க்' என்றால் வங்கி வேலை என் தொழில். 'ஐ ஆம் ஒர்க்கிங் இன் எ பேங்க்' என்றால் தற்காலிகமாக அங்கே இருக்கிறேன், வேறு ஏதாவது அமையும் வரை என்ற வாடை அடிக்கும். 'ஐ லிவ் வித் மை பிரதர்', 'ஐ ஆம் லிவிங் வித் மை பிரதர்' இரண்டுக்கும் அதே வித்தியாசம்தான். இலக்கணப்படி இரண்டுமே பிழையில்லை என்பதால் எந்தத் திருத்தும் மென்பொருளும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது 'ஐ ஆம் ஒர்க்கிங் ஆஸ் அன் இன்ஜினியர்' என்றால், கேட்பவர் மனசில் ஒரு சின்னக் கேள்விக்குறி விழும். 'ஐ ஒர்க் ஆஸ் அன் இன்ஜினியர்' அல்லது வெறுமனே 'ஐ ஆம் அன் இன்ஜினியர்' என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மெல்ல மாறிக்கொண்டு வருவதும் இந்தக் கணக்கில் சேரும்: 'ப்ரைசஸ் ஆர் ரைசிங்', 'ஹிஸ் இங்கிலீஷ் இஸ் இம்ப்ரூவிங்'.

அப்புறம் ஒரு வேடிக்கை. 'ஆல்வேஸ்' என்ற சொல் வந்தால் சிம்பிள் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். ஆனால் 'ஹி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்' என்றும் சொல்வார்கள், அது சரியும்கூட. 'எப்பப் பாரு குறை சொல்லிக்கொண்டே இருக்கிறான்' என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதே சலிப்பு. 'ஹி ஆல்வேஸ் கம்ப்ளெயின்ஸ்' என்றால் தகவல் மட்டும். 'இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்' என்றால் தகவலோடு பெருமூச்சும்.

ஆங்கிலத்திலும் இந்தப் பாகுபாடு எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1600 வாக்கில் ஒருவர் கையில் புத்தகத்தோடு நிற்பதைப் பார்த்து 'வாட் டூ யூ ரீட்?' என்று கேட்க முடிந்தது. இன்று அதையே 'வாட் ஆர் யூ ரீடிங்?' என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வரிசையில் உட்கார்ந்து நான் சொன்ன பதிலும் சரியாகவே இருந்திருக்கும்.

நான்காம் படி: 'எனக்கு' என்று தொடங்குகிறதா?

எனக்குப் பிடித்த படி இது. 'இங்' (ரைட்டிங், ரீடிங் என்பவற்றின் கடைசியில் ஒலிப்பது) வேண்டாத வினைகள் என்று இலக்கணப் புத்தகங்கள் ஒரு நீண்ட பட்டியல் தரும்: நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், நீட், ரிமெம்பர், ஹேவ் என்று போய்க்கொண்டே இருக்கும். மனப்பாடம் செய்தால் அடுத்த வாரமே மறந்துவிடும். ஆனால் நம் மொழியிலேயே இதற்கு ஒரு அடையாளம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

எனக்குத் தெரியும். எனக்குப் புரிகிறது. எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்.

எல்லாமே 'எனக்கு'. ஒன்றிலும் 'நான்' இல்லை. நாம் முனைந்து செய்கிற செயலுக்கு 'நான்' போடுகிறோம், நம்மிடம் வந்து தங்குகிற நிலைக்கு 'எனக்கு' போடுகிறோம். ஆங்கிலம் அதே வேறுபாட்டை 'இங்' போடாமல் விடுவதன் மூலம் காட்டுகிறது. ஆகவே தமிழில் வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கினால், ஆங்கிலத்தில் 'இங்'கைக் கீழே வைத்துவிடுங்கள். 'ஐ நோ', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்', 'ஐ லைக் இட்', 'ஐ நீட் ஹெல்ப்', 'ஐ ரிமெம்பர்', 'ஐ ஹேவ் 2 சிஸ்டர்ஸ்'.

'ஐ ஆம் ஹேவிங் 2 சிஸ்டர்ஸ்' என்று ஏன் வருகிறது என்பதும் இங்கே விளங்கும். 'இருக்கிறார்கள்' என்பதில் உள்ள 'கிற்' நம்மை இழுத்துக்கொண்டு போய் 'ஹேவிங்'கில் தள்ளுகிறது. 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பதும் அதே வழுக்கல். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லிப் பழகுவது நல்லது, ஏனென்றால் 'டவுட்' என்ற சொல்லை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கேள்வி என்ற பொருளில் எடுக்க மாட்டார்கள், நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்று எடுப்பார்கள்.

இந்த உத்தி நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. 'எனக்கு வேர்க்கிறது' என்பது 'ஐ ஆம் ஸ்வெட்டிங்'தான். உடம்பு சம்பந்தப்பட்ட சில சொற்கள் விலக்கு. எதிர்ப்பக்கமும் உண்டு: 'நான் நம்புகிறேன்' என்று 'நான்' போட்டுச் சொன்னாலும் 'ஐ பிலீவ்'தான். 'இது என்னுடையது' என்பதற்கு 'திஸ் பிலாங்ஸ் டு மீ', 'பெட்டியில் மூன்று புத்தகம் இருக்கிறது' என்பதற்கு 'தி பாக்ஸ் கன்டெய்ன்ஸ் த்ரீ புக்ஸ்'. இவற்றிலும் செயல் எதுவும் இல்லை, நிலைதான்.

சில வினைகள் இரட்டை வேடம் போடும். 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்றால் என் கருத்து, அதாவது 'எனக்குத் தோன்றுகிறது'. 'ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்' என்றால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'ஐ சீ' என்றால் புரிகிறது, 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ' என்றால் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். 'ஹேவ்' உடைமையைக் குறித்தால் 'இங்' இல்லை, 'வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்' என்று நடப்பைக் குறித்தால் உண்டு. 'ஹி இஸ் ரூட்' என்றால் ஆளே முரடன். 'ஹி இஸ் பீயிங் ரூட்' என்றால் இன்றைக்கு ஏனோ முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறான், நாளைக்குச் சரியாகிவிடலாம்.

மெக்டொனால்ட்ஸ் 2003-ல் 'ஐ ஆம் லவிங் இட்' என்று விளம்பரம் செய்ததே என்று கேட்பீர்கள். விளம்பரத்துக்குக் காதில் ஒட்டுவதுதான் முக்கியம், இலக்கணம் அப்புறம். பேச்சில் 'லவிங் இட்' இன்று சகஜம். விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாமே.

ஐந்தாம் படி: 'எப்போது?' என்று கேளுங்கள்

முடிந்துபோன ஒன்றைச் சொல்ல வருகிறீர்கள், ஆனால் அதன் விளைவு இப்போதும் நிற்கிறது. இங்கேதான் பர்ஃபெக்ட். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ': சாவியைத் தொலைத்துவிட்டேன், இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன். தமிழில் 'விட்டேன்', 'இருக்கிறேன்' என்று முடிவதில் பெரும்பகுதி இந்தப் பக்கம் வரும்: வந்துவிட்டேன், பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன். வாழ்க்கையில் எப்போதாவது செய்ததுண்டா என்கிற அனுபவக் கணக்கும் இதே: 'ஹேவ் யூ எவர் ஃப்ளோன்?', 'ஐ ஹேவ் நெவர் சீன் ஸ்னோ'.

சோதனை இது: உங்கள் வாக்கியம் 'எப்போது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறதா? சொன்னால் பர்ஃபெக்ட் கிடையாது, சாதாரண இறந்தகாலம்தான். 'ஐ லாஸ்ட் மை கீ எஸ்டர்டே'. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2015', 'டென் மினிட்ஸ் அகோ' என்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டிவிட்டால் 'ஹேவ்' வெளியேற வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தும் 'இட் ஹாஸ் ரெய்ன்டு எஸ்டர்டே' என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கவனக்குறைவு என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: காலையில் கதவைத் திறந்து ஈரத் தரையைப் பார்த்து, 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று நாம் சொல்கிறோமே! நாம் கண்ணால் பார்க்காததை, தடயத்தை வைத்து ஊகிக்க 'இருக்கிறது' போடுகிறோம். தமிழில் அது பிசகில்லாத வாக்கியம், 'நேற்று'ம் இருக்கலாம், 'பெய்திருக்கிறது'ம் இருக்கலாம். ஆங்கிலப் பர்ஃபெக்ட்டுக்கு இந்த ஊகிக்கும் வேலை தெரியாது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்டு லாஸ்ட் நைட்' என்று சொல்ல வேண்டும், அல்லது நேரடியாக 'இட் ரெய்ன்டு லாஸ்ட் நைட்'.

இன்னும் முடியாத நேரம் என்றால் பர்ஃபெக்ட் தாராளமாக வரும்: 'ஐ ஹேவ் மெட் ஹிம் ட்வைஸ் திஸ் வீக்'. வாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'திஸ் மார்னிங்' கொஞ்சம் நெளியும். காலை பதினோரு மணிக்குப் பேசினால் 'ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்', மாலையில் பேசினால் 'ஐ ரோட்'.

'அவள் லண்டன் போயிருக்கிறாள்' என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். இப்போது அங்கே இருக்கிறாள் என்றால் 'ஷி ஹாஸ் கான் டு லண்டன்'. போய்த் திரும்பிவிட்டாள், அனுபவம் உண்டு என்றால் 'ஷி ஹாஸ் பீன் டு லண்டன்'. 'ஐ ஹேவ் கான் டு லண்டன்' என்று தன்னைப் பற்றியே எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' ஆகியவை வந்தால் பிரிட்டிஷ் வழக்கில் பர்ஃபெக்ட்: 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்'. அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்றும் சொல்வார்கள். இரண்டும் செல்லும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆறாம் படி: 'ஆக', 'இருந்து' வந்தால் உஷார்

நான் திருத்தும் கடிதங்களில் முதலிடம் பிடிக்கும் பிழை இது: 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுப்போம். தமிழில் 'ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்கிறோம். வினை வெறும் நிகழ்காலம். எவ்வளவு காலம் என்ற பாரத்தை 'ஆக' சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாரத்தை வினையும் சேர்ந்து சுமக்க வேண்டும். முன்பே தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு, எவ்வளவு நாளாக என்று சொன்ன மாத்திரத்தில் 'ஹேவ் பீன்' வந்தாக வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர்'. இது முதல் திருத்தம்.

இரண்டாவது, 'சின்ஸ்'. 'ஆக' என்றால் 'ஃபார்', 'இருந்து' அல்லது 'முதல்' என்றால் 'சின்ஸ்'. ஐந்து வருடமாக: 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 2019-லிருந்து: 'சின்ஸ் 2019'. கையில் இருப்பது அளவா, தொடங்கிய புள்ளியா என்று பாருங்கள். அளவு என்றால் 'ஃபார்', புள்ளி என்றால் 'சின்ஸ்'. முழு வாக்கியம்: 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'.

'ஐ ஹேவ் ஒர்க்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் தப்பா? இல்லை. 'ஒர்க்', 'லிவ்' போன்ற வினைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மற்ற இடங்களில் பிரிக்க வேண்டும். அதற்குத் தமிழ்க் கேள்வி ஜோடி ஒன்று கைகொடுக்கும்: 'எவ்வளவு நேரம்?' என்பதற்குப் பதில் என்றால் 'ஹேவ் பீன்' போட்ட வடிவம், 'எத்தனை?' என்பதற்குப் பதில் என்றால் வெறும் பர்ஃபெக்ட். 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் ஃபார் த்ரீ ஹவர்ஸ்', 'ஐ ஹேவ் ரிட்டன் ஃபோர் பேஜஸ்'. மூன்று மணி நேரமாக எழுதி நான்கு பக்கம்தான் ஆகியிருக்கிறது என்ற சோகத்தைச் சொல்ல இரண்டு வடிவமும் தேவைப்படுகிறது.

'ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்' என்றால் படித்து முடித்துவிட்டேன். 'ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்' என்றால் படித்துக்கொண்டு வருகிறேன், முடித்தேனா இல்லையா என்பதை நான் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் எதைச் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

செயல் நின்றுவிட்டாலும் தடயம் தெரிந்தால் இதே வடிவம்தான். மூச்சிரைக்க ஒருவர் உள்ளே வந்தால் 'ஹேவ் யூ பீன் ரன்னிங்?' என்பார்கள்.

நான்காம் படியை இங்கே மறந்துவிடாதீர்கள். 'எனக்கு அவரைப் பத்து வருடமாகத் தெரியும்' என்பது 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்'. 'பீன் நோயிங்' என்று ஒன்று கிடையாது. 'ஐ நோ ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதும் செல்லாது.

ஏழாம் படி: எதிர்காலம் நிகழ்கால வேடத்தில் வரும்

'நாளைக்கு வர்றேன்' என்கிறோம், வினை நிகழ்காலம். ஆங்கிலமும் முடிவாகிவிட்ட ஏற்பாட்டுக்கு இதையே செய்கிறது: 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ'. அச்சடித்த கால அட்டவணைக்குச் சிம்பிள்: 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

இதில் வழுக்குவது 'வென்', 'இஃப்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' வரும் இடம். 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்று எழுதிவிடுவார்கள். முதல் பாதியில் 'வில்' வராது: 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்'. தமிழிலும் 'அவர் வந்ததும் சொல்கிறேன்', 'வந்தால் சொல்கிறேன்' என்றுதானே சொல்கிறோம்? அந்த 'வந்ததும்', 'வந்தால்' இரண்டிலும் எதிர்காலம் எங்கே இருக்கிறது? நம் வாயில் சரியாக இருப்பதை ஆங்கிலத்தில்தான் கெடுத்துக்கொள்கிறோம். ஒரு விலக்கு: 'எப்போது வருவார் என்று தெரியவில்லை' என்று கேள்வியாக வந்தால் 'வில்' இருக்கலாம், 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்'.

எட்டாம் படி: உருவத்தைச் சரிபாருங்கள்

சரியான டென்ஸைப் பிடித்த பிறகும் ஒரு 'எஸ்' காலை வாரிவிடும். 'ஹி', 'ஷி', 'இட்' அல்லது ஒற்றைப் பெயர் வந்தால் சிம்பிளில் வினையோடு 'எஸ்'. 'வாட்ச்', 'பாஸ்', 'கோ' போன்றவற்றுக்கு 'இஎஸ்'. 'ஸ்டடி' போல மெய்யெழுத்துக்குப் பிறகு 'ஒய்'யில் முடிந்தால் அது 'ஐஇஎஸ்' ஆகும், 'ப்ளே' போல உயிருக்குப் பிறகு வந்தால் வெறும் 'எஸ்'.

'டஸ்' வந்துவிட்டால் அந்த 'எஸ்' அதற்குள் போய்விட்டது, வினையில் மறுபடி போட வேண்டாம். 'டஸ் ஹி கம்ஸ்?' இல்லை, 'டஸ் ஹி கம்?'. 'ஷி டஸ் நாட் நோஸ்' இல்லை, 'ஷி டஸ் நாட் நோ'. 'யூஷுவலி', 'நெவர்' போன்றவை வினைக்கு முன்னால் நிற்கும், 'ஆம், இஸ், ஆர்' இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஷி நெவர் கம்ஸ் லேட்', 'ஷி இஸ் நெவர் லேட்'.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் எழுதியது போன்ற கடிதம் இது. பிழைகள் நான் அன்றாடம் பார்ப்பவை.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஆஸ் அன் அக்கவுன்டன்ட் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ். ஐ ஆம் ஹேவிங் குட் நாலெட்ஜ் ஆஃப் டாக்சேஷன். ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2017. மை மேனேஜர் வில் கிவ் மீ த டிஃபிகல்ட் அக்கவுன்ட்ஸ் எவ்ரி மன்த். இஃப் யூ வில் கால் மீ, ஐ வில் கம். ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.'

முதல் வாக்கியத்தில் பக்கத்துச் சொல் 'ஆறு வருடமாக'. ஆறாம் படி. 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஆஸ் அன் அக்கவுன்டன்ட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்'. இரண்டாவது, 'எனக்கு நல்ல அறிவு இருக்கிறது' என்று 'எனக்கு'வில் தொடங்குகிறது, ஆகவே 'ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ்'. மூன்றாவது, 'எப்போது?' என்று கேட்டால் 2017 என்று பதில் வருகிறது. 'ஹேவ்' போகட்டும்: 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2017'. நான்காவது, 'மேலாளர் ஒவ்வொரு மாதமும் என்னிடம்தான் கொடுப்பார்' என்கிற நம் 'கொடுப்பார்', 'வில்'லாக மாறி உட்கார்ந்திருக்கிறது. அது வழக்கம், 'மை மேனேஜர் கிவ்ஸ் மீ'. ஐந்தாவதில் 'இஃப்' பக்கத்தில் 'வில்' கூடாது, 'இஃப் யூ கால் மீ'.

கடைசி வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் மாற்றச் சொல்வேன். 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்றால் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போலக் கேட்கும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்றால் முறையான கடிதத்துக்குப் பொருந்தும். ஓரளவு பழகியவருக்கு என்றால் 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று இளக்கலாம். சிம்பிளுக்கும் கன்டினியூயஸுக்கும் இங்கே காலத்தில் வேறுபாடே இல்லை, மரியாதையின் தூரம்தான் மாறுகிறது. வரிசையில் உட்கார்ந்து நான் சொன்ன 'ஐ ஆம் வெயிட்டிங்'கை மட்டும் எழுதிவிடாதீர்கள்.